ஏழு மணி ஊசி

— இன்னும் எந்திரிக்கலண்ணே. மணி பத்தரை ஆகுது.

— தூங்கட்டும் விதுஷா, ஏன் போட்டு எழுப்புற? இங்க ராத்திரி ஒரு மணி. பேக்கரில மாவு மெசினை விட்டுட்டு வந்து பேசுறேன், சூப்பர்வைசர் மொறைக்கிறான்.

— மொறைக்கட்டும். அம்மா வந்து எறங்கி ரெண்டு நாளாச்சு. நேத்து இந்த நேரம் லயத்து வீட்டு ஆளுங்க எல்லார்கிட்டயும் பேரன் படத்தைக் காட்டிக்கிட்டு இருந்தாங்க. இன்னைக்கு என்னமோ மாதிரி கெடக்குறாங்க. நான் கொழுந்து பறிக்கப் பேர் குடுக்குற பெரட்டுக்குக் கூட போகாம பக்கத்துலயே உக்காந்துருக்கேன்.

— கேளு, சிம்பிள் விசயம். இதுக்குப் பேரு ஜெட் லேக். ஆறு மாசம் டொராண்டோல என் புள்ளைய வளத்தவங்க. இந்த ஊருக்கும் பூனாகலைக்கும் ஒம்பதரை மணி நேரம் வித்தியாசம். ஆளு அங்க வந்துட்டாலும் ஒடம்பு இன்னும் இங்கதான் இருக்கு. அதுக்கு இப்ப நடுராத்திரி. தூங்குது.

— எத்தனை நாளைக்கு?

— ஒரு வாரம், பத்து நாள். காலைல வெயில்ல உக்கார வை. ராத்திரி லைட்டை அணைச்சுப்புடு. பகல்ல அரை மணிக்கு மேல படுக்க விடாத.

— இப்பதான் தூங்கட்டும்னீங்க!

— அது இன்னைக்கு மட்டும். ரெண்டு நாள் லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் வேலைக்குக் கெளம்புனேன். கெளம்புறப்ப அம்மாவுக்குப் போன் போட்டேன், அங்க விடியக்காலை நாலரை. கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்ப முழிச்ச ஆளு இப்ப தூங்கத்தானே செய்யும்?

— நாலரைக்குப் பேசுனீங்களா? எனக்குத் தெரியாதே.

— நீ கொறட்டை விட்டுக்கிட்டு இருந்தியாம்.

— அண்ணே, வெளையாடாதீங்க. நைட்டி தெப்பமா நனைஞ்சு கெடக்கு. இந்தக் குளிருல யாருக்காச்சும் இப்பிடி வேர்க்குமா?

— வேர்க்குதா?

— தலகாணியெல்லாம் ஈரம். கை வெடவெடன்னு நடுங்குது. கூப்பிட்டா "ம்"ங்கிறாங்க, கண்ணைத் தொறக்க மாட்டேங்கிறாங்க. பக்கத்து வீட்டு விஜயலெட்சுமி அக்கா வந்து பார்த்துட்டு, பிளேன்ல வந்த அலுப்பு, படுக்க விடுன்னுட்டுப் போகுது. நீங்களும் அதையேதான் சொல்றீங்க.

— காலைல என்ன சாப்பிட்டாங்க?

— ஒன்னுமில்ல. ரொட்டி சுட்டு வச்சேன். தூங்கப்போற நேரத்துல யாராச்சும் ரொட்டி திம்பாங்களான்னு திரும்பிப் படுத்துட்டாங்க.

— ஊசி? சீனி வருத்த ஊசி?

— நீங்க துண்டுக் காகிதத்துல எழுதி அனுப்புனபடி. காலை ஏழு, ராத்திரி ஏழு. இன்னைக்கும் ஏழு மணிக்கு நானே என் கையால போட்டேன்.

— சாப்பிடாதவங்களுக்கா போட்ட?

— போட்டுட்டுத்தான் ரொட்டிய நீட்டுனேன். வாங்கலன்னா நான் என்ன பண்ணுவேன்?

— சரி, சரி. அம்மா பெட்டில சின்ன மெசின் இருக்கும், வெரல்ல குத்திப் பாக்குறது. எடு. சீக்கிரம்.

— இருக்கு... பொறுங்க... குத்திட்டேன். ரெண்டு புள்ளி ஒன்னுன்னு காட்டுது. இங்க கிளினிக்ல நூத்தம்பது, எரநூறுன்னுல்ல சொல்வாங்க?

— ஐயோ. அது கனடாக் கணக்கு. நாலுக்குக் கீழ எறங்குனாவே ஆபத்து. விது, சீனி! சீனி எடு!

— வீட்ல சீனி ஏது? அம்மா வர்றாங்க, ஒரு கரண்டி கூட இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே தூக்கிப் போடச் சொன்னீங்க!

— ஏதாச்சும் இனிப்பா எடு! பக்கத்து வீட்ல கேளு!

— கித்துள் பாணி இருக்கு, இனிப்புப் பாகு. ஒரு போத்தல் ஒளிச்சு வச்சுட்டேன்.

— நல்லதாப் போச்சு. வாயில ஊத்திராத, மூச்சுக்கொழாய்க்குள்ள போயிரும். ஒருக்களிச்சுப் படுக்க வை. வெரல்ல தொட்டு ஈறுல தேய், கன்னத்துக்கு உள்பக்கம் தேய். நிறுத்தாத.

— தேய்க்கிறேன். அம்மா... அம்மா, இந்தாங்க... ஜௌபர் ஆட்டோவுக்கு ஆளு ஓடிருக்கு. அண்ணே, இங்க ஒன்னு சரியில்ல.

— என்ன?

— போட்ட ஊசி மொனையெல்லாம் பழைய ஜாம் போத்தல்ல போடுறோம். அம்மா வந்ததுலருந்து நான் போட்டது நாலு. இதுல அஞ்சு கெடக்கு.

— அஞ்சா? நல்லா எண்ணிப் பாரு.

— எண்ணிட்டேண்ணே. அஞ்சுதான்.

— சரி, நீ தேய்.

— நான் தூங்குறப்ப அவங்களா போட்டுருக்காங்க. அது பத்தாதுன்னு ஏழு மணிக்கு நான் வேற குத்திருக்கேன். ரெண்டு ஊசி, வெறும் வயிறு! என் கையாலயே எங்கம்மாவ...

— அப்பிடியெல்லாம் பேசாத விது. கண்ணு தொறக்குதா பாரு.

— நக்குறாங்க! நாக்கால நக்குறாங்கண்ணே! அம்மா, என்னைத் தெரியுதா?

— என்னத்தப் புள்ள வாயில திணிக்கிற? இனிக்குது. எனக்குத்தான் இனிப்பு ஆகாதே.

— பேசுறாங்கண்ணே! சாமி... பேசுறாங்க.

— ரொட்டிய பாணில தொட்டுக் குடு. அப்பிடியே ஆட்டோவுல ஏத்தி பண்டாரவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. ஊசி இன்னும் ஒடம்புக்குள்ள வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும். போனை வச்சுட்டுக் கெளம்பு.

— இருங்க. அம்மா, உண்மையச் சொல்லுங்க. விடியக்காலைல நீங்களா ஊசி போட்டுக்கிட்டீங்களா?

— ஆமா. ராத்திரி ஊசி.

— ராத்திரி ஊசிய நேத்தே ஏழு மணிக்கு நான் போட்டேனே! உங்களை இந்நேரம் தூக்கிட்டுப் போயிருப்போம் தெரியுமா? எவன் போடச் சொன்னான்? சொல்லுங்க, அவன் பல்லை ஒடைக்கிறேன்!

— விது, அதெல்லாம் அப்புறம் பேசலாம். மொதல்ல ஆட்டோவுல ஏத்து.

— ஏன் புள்ள அண்ணனைப் போய் அப்பிடிப் பேசுற? வேலைக்கு ஓடுற அவசரத்துலயும், அங்க இருந்தப்ப தெனம் சொல்ற மாதிரியே மறக்காம போனைப் போட்டு, மணி ஏழாச்சும்மா, ஊசியப் போடுங்கன்னுச்சு. வெளிய இருட்டாத்தான் இருந்துச்சு. என் மகன் ஏழுன்னா எனக்கு ஏழுதான்.