இடது முழங்கால்

காலை நீட்டியே உட்கார்ந்துகொள்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். மடக்கினால் பிறகு நிமிராது. குளிர் நாளில் நாய்முடிப் பட்டை கட்டினால் கொஞ்சம் கேட்கும். நாரின் நகரச் சந்தையில் நல்லதாகவே கிடைக்கிறது.

ஆட்டுடலைப் பறித்துக் குதிரைமேல் ஆடும் கொக்-பொருவை நானும் ஆடியவன்தான். தலையறுத்த ஆட்டைக் குதிரைமேலிருந்தபடி குனிந்து தூக்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் ஒரே முழங்காலில் தொங்கும். இளவயதில் எனக்கு அங்கே ஜவ்வு அறுந்தது. புது ஜவ்வு வைத்துத் தைத்தார்கள். பனி உருகியதும் மறுபடி குதிரை ஏறினேன். ஜவ்வு தாங்கியது. எலும்புக்கு மெத்தையாக இருக்கும் குருத்துதான் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் தேய்ந்தது. இப்போது எலும்போடு எலும்பு உரசுகிறது. நான் படி இறங்கினால் உங்களுக்கே கேட்கும். மணலை மெல்வது போலிருக்கும்.

என் தம்பி மெதெருக்கும் அதே இடது காலில் அறுந்தபோது, பிஷ்கெக் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே இருந்தவன் நான். தொடைச்சதையை வலுவாக்கு, எடை ஏறவிடாதே, கால் திருகும் ஆட்டம் வேண்டாம் என்றார் மருத்துவர். அன்றிலிருந்து அந்த முழங்கால் என் பொறுப்பானது. நானே எண்ணெய் தேய்த்தேன், நானே பயிற்சி கொடுத்தேன். சூடு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இந்த வசந்தத்தில் ஒருநாள் அவன் காலை மடக்கியபோது, என் உள்ளங்கைக்குக் கீழே மணல் நொறுங்கியது.

நவ்ரூஸ் புத்தாண்டு ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டதாக அன்றுதான் சொன்னான். அவன் குழுக்காரர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்டா. அந்தச் சத்தம் உனக்குக் கேக்கலையா?"

"முட்டின்னா முனகத்தாண்ணே செய்யும். கல்யாணமான ஆம்பளையா, வாய மூடிக்கிட்டுக் கெடக்க?"

"என்னைப் பாருடா."

"பாத்துக்கிட்டுதான இருக்கேன். நொண்டிக் குதிரைக்கு லாயத்துல எல்லாக் குதிரையும் நொண்டணுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பின் எந்த அறையில் இருந்தாலும் அந்த மணல் எனக்குக் கேட்டது.

விழுவது எங்கள் ஊரில் பெரிய விஷயமில்லை. எப்படி விழுகிறோம் என்பதுதான் விஷயம். மெதெர் வலப்பக்கம் குனிந்துதான் ஆட்டை எடுப்பான். சேணம் அந்தப் பக்கம் சரிந்தால் தோளில்தான் விழுவான். கை உடையலாம், ஆட்டம் நின்றுபோகும். உடைந்த கை கூடும், தேய்ந்த குருத்து முளைக்காது. ஆட்டத்தன்று காலை, வழக்கம்போல அவன் குதிரைக்கு நானே சேணம் கட்டினேன். வயிற்றுவாரை உட்புறமாகப் பாதிவரை கீறினேன். பிறகு அவன் முழங்காலுக்குப் பட்டை சுற்றினேன்.

"போதும்ணே, கொஞ்சம் ரத்தம் ஓடட்டும்" என்றான்.

வார் நான் நினைத்தபோது அறுந்தது. நான் நினைத்த பக்கமே விழுந்தான். பின்னால் மற்றக் குதிரைகள் வரும் என்று தெரியாதா என்கிறீர்கள். அத்தனை வருடம் ஆடியவனுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். அந்தக் காலையில் எனக்கு முழங்காலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

தம்பியின் உடலைக் கழுவியவர்களில் நானும் ஒருவன். குதிரைகள் மிதித்த முகத்தையும் நெஞ்சையும் பற்றி உங்கள் விசாரணை அறிக்கையிலேயே இருக்கும். இடது முழங்காலை மட்டும் நான் மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. என்னுடையதைப்போல அது இனி ஒருநாளும் ஆகாது.