பர்மா எண்ணெய்க் கிணற்றுக்கு ஒரு குடம்

ராயபுரத்துத் தெருக்குழாயில் அன்று தண்ணீர் வரத் தாமதமானது. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களில் இளையவள், குடத்தை இறக்கி வைத்தபடி சொன்னாள்:

“எங்க வூட்டுக்காரரு வேலை செய்ற எண்ணெக் கெணத்துல தண்ணி பூந்துடணும்னு வேண்டிக்கினேன்க்கா.”

“பர்மாலயா? ஏன்டி அப்படி?”

“தண்ணி பூந்தா கெணத்த மூடிட்டு ஆளுங்கள ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு காயிதத்துல எழுதிகீறாரு. அதான் வெள்ளிக்கெழம தவறாம அம்மனுக்கு ஒரு கொடம் ஊத்திகினு வந்தேன். அவரு கப்பலேறி மூணு வருசமாச்சு. கொரலே மறந்துபோய்டுமோன்னு கீது.”

“பூந்துச்சா?”

“பூந்துச்சு. நேத்து காயிதம் வந்துச்சு.”

“அப்போ வந்துடுவாரு!”

“எங்கக்கா? கெணத்த மூடல. தண்ணிய எறைக்க ஆளு வோணும்னு இன்னும் ரெண்டு வருசத்துக்கு நிறுத்திவெச்சிகினாங்களாம்.”

குழாயில் தண்ணீர் வந்தது. மூத்தவள் தன் குடத்தை அடியில் வைத்தாள்.

“இன்னிக்கு வெள்ளிக்கெழம. ஊத்துவியா?”

“ஊத்துனா அங்க இன்னும் தண்ணி ஏறிடும்னு பயமா கீது. ஊத்தாம வுட்டா அம்மன் அவரக் கைவுட்ருவாளோன்னும் பயமா கீதுக்கா.”

அவள் முறை வந்தது. அரைக்குடம் பிடித்துக்கொண்டு கோயில் பக்கம் போனாள்.