ஆறாம் கட்டிலின் எண்

எண் நன்றாகத்தான் இருக்கிறது. எழுந்து போக வேண்டியதில்லை...

அப்படித்தான் அக்கா நினைத்தாள். அப்போது மணி மூன்று பத்து. ஊரே உறங்கும் நேரம்.

நெருங்கி உட்காருங்கள். மின்சாரம் வர இன்னும் நேரமாகும். இது என் அறைத்தோழியின் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது. தோழி சொன்னபடியே சொல்கிறேன்... எனக்குப் புரியாத இடங்களை அவளாலும் விளக்க முடியவில்லை.

அக்கா அப்போது பயிற்சி மருத்துவர். முன்கட்டிடத்தில் டியூட்டி ரூம். சுவரில் பெரிய மானிட்டர். அதில் பன்னிரண்டு கட்டில் நோயாளிகளின் ஆக்சிஜன், நாடித் துடிப்பு எண்கள். நோயாளிகள் இருப்பதோ பின்கட்டிடத்தில். இரண்டுக்கும் நடுவே நீளமான சிமெண்டுப் பாதை, இருபுறமும் கம்பி வேலி, ஒரே ஒரு விளக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பாதையில் நடந்து போய், ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பார்த்து, திரும்பி வந்து பதிவேட்டில் ‘நேரில் பார்த்தேன்’ என்று எழுத வேண்டும். அதுதான் விதி. மானிட்டர் வந்த பிறகு எல்லோரும் நாற்காலியில் இருந்தபடியே எழுதினார்கள். அக்கா மட்டும் என்ன, வானத்திலிருந்தா குதித்தாள்?

அன்று ஆறாம் கட்டிலின் வரி சிவந்தது. ஆக்சிஜன் எண்பத்து மூன்று... எண்பது... எழுபத்தெட்டு. கீக். கீக். கீக். அக்கா செருப்பை மாட்டினாள். கதவுப் பிடியில் கை வைத்தாள்.

சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. நாடித் துடிப்பு எழுபத்தாறு.

கூடப் பணியில் இருந்தவளுக்குக் கும்பகர்ணி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். “என்னடி?”

“ஆறாம் பெட். சரியாயிடுச்சு.”

“அப்புறம் என்ன, உக்காரு. கால் தேஞ்சு போச்சுன்னா வேற கால் குடுக்க மாட்டாங்க.”

அக்கா சிரித்தாள். உட்கார்ந்தாள். எழுதினாள்: மூன்று பத்து. நேரில் பார்த்தேன்.

ஐந்து மணிக்கு ரத்தம் எடுக்கப் போனாள். ஆறாம் கட்டிலில் நிமோனியாவிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. இரண்டு நாளில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். பக்கத்தில் ஸ்டூலில் அவள் மகள், பதினேழு வயது இருக்கும், கட்டில் விளிம்பில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இருட்டில் ஒரு சிவப்பு வெளிச்சம். ஆக்சிஜன் பார்க்கிற விரல் கிளிப்.

அது மகளின் விரலில் இருந்தது.

அக்கா தாயின் கையைப் பிடித்தாள். அந்த இரவில் முதல்முறையாக. சில்லென்றிருந்தது.

மகள் விழித்துக்கொண்டாள். “மெதுவா டாக்டர்... அம்மா இப்பதான் தூங்குறாங்க. இருமல்ல ரெண்டு நாளா ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல, கொஞ்சம் கண்ணசந்தப்போ அவங்க விரல்ல இருந்த இது கத்த ஆரம்பிச்சுடுச்சு. அதான் நான் மாட்டிக்கிட்டேன். உடனே நின்னுடுச்சு.”

கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

அக்கா தாயின் நெஞ்சை அழுத்தினாள். நாற்பது நிமிடம். தோள் மூட்டு கழன்றுவிடும்போல இருந்தது. பிறகு நிறுத்தினாள்.

“தூக்கத்துலயே போயிட்டாங்கல்ல டாக்டர்? வலிச்சிருக்காதுல்ல?” என்று மகள் கேட்டாள். அக்கா தலையை அசைத்தாள். அந்தப் பெண்ணுக்கு எதுவும் புரிந்திருக்கவில்லை. அந்தச் சத்தம்தான் அம்மாவுக்காகக் கூப்பிட்டது, தன் விரல்தான் அதன் வாயைப் பொத்தியது என்று தெரியவில்லை. தெரிந்தால்? அதற்கப்புறம் அவள் எப்படித் தூங்குவாள், எப்படிச் சாப்பிடுவாள்? அக்காவுக்குத் தன் தப்பை யாரிடமாவது கொட்டிவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் முழுதாகச் சொன்னால் அந்த விரலையும் சொல்ல வேண்டும். நான் நடந்து போயிருந்தால் அது வெறும் விரலாகவே இருந்திருக்கும்... எட்டு நிமிட நடை. அதை நினைத்து நினைத்து மருகினாள். கிளிப்பைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

நான்காம் இரவு.

ஆறாம் கட்டிலுக்கு இன்னும் யாரும் வரவில்லை. மெத்தையைச் சுருட்டி, கருவியின் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். மணி மூன்று பத்து... மானிட்டரில் ஆறாம் வரி எரிந்தது. தொண்ணூற்றெட்டு. எழுபத்தாறு.

கும்பகர்ணி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். “ஏய்... அங்க யாருடி இருக்கா?”

அக்கா எழுந்தாள். நடந்தாள். பாதையில் அவள் செருப்புச் சத்தம். டப். டப். வேலிக் கம்பி காற்றில் ம்ம்ம் என்றது. வார்டுக்குள் ஸ்பிரிட் வாடை. அதற்கு அடியில், இருமல் மருந்தின் தித்திப்பு வாடை.

மெத்தை விரிந்திருந்தது. அதன் விளிம்பில் ஒரு குழி, யாரோ தலை சாய்த்திருப்பதுபோல. ஸ்டூலில் ஆள் இல்லை. அதற்குச் சற்று மேலே கிளிப் எரிந்துகொண்டிருந்தது. எதிலும் தொங்காமல்.

ஓட வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றவில்லையாம். கை தானாக நீண்டதாம். மணிக்கட்டைத் தேடு, மூன்று விரலை வை, எண்ணு... படிப்பு அவளுக்குக் கொடுத்தது அதுதானே. மெத்தைமேல் தடவினாள்.

ஒரு கை அகப்பட்டது. அன்று பிடித்த அதே சில்லிப்பு.

மணிக்கட்டில் விரல் வைத்தாள். ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள். ஒன்றுகூட வரவில்லை. எடுக்கப் போனபோது அந்தக் கை அவள் கையை மெல்லப் பற்றிக்கொண்டது. காதோரம் ஈரமான மூச்சு.

“ஷ்ஷ்...”

அதட்டல் இல்லை. பிள்ளை தூங்கும்போது அறைக்குள் வருகிறவர்களை அடக்குவோமே, அந்தச் சத்தம். விடியும்வரை அந்தக் கை விடவில்லை. அக்காவும் இழுக்கவில்லை.

அடுத்த வாரம் தலைமை மருத்துவர் கூப்பிட்டனுப்பினார். அந்தப் பெண்ணின் மாமா புகார் கொடுத்திருந்தார். மூன்று மணிக்கு டாக்டர் யாரும் வரவேயில்லை என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்லியிருக்கிறார். மாமாவும் மகளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“நீ போகலன்னு எனக்குத் தெரியும். யாருதாம்மா போறாங்க?” என்றார் அவர். “ஆனா சாகற ஆளுக்கு எப்படித் தொண்ணூத்தெட்டு காட்டும்? கிளிப்ப வேற யாரோ மாட்டியிருக்காங்க. கூட இருந்தது அந்தப் பொண்ணுதான். நீ பாத்திருப்ப. அத மட்டும் எழுதிக் குடு. உன் படிப்பு பொழைச்சுக்கும்.”

அக்கா ஒரு தாளை நீட்டினாள். ‘அன்றிரவு தூங்கிவிட்டேன். நேரில் பார்த்ததாக எழுதியது பொய்.’ அவள் தூங்கவேயில்லை; எண்ணைப் பார்த்தாயா என்று யாரும் கேட்கக் கூடாதென்று அப்படி எழுதியிருந்தாள்.

“பைத்தியமா உனக்கு? இத வச்சு உன்னை வெளியே அனுப்பிடுவாங்க.”

“தெரியும் சார்.”

“உண்மையைத்தானே எழுதச் சொல்றேன். இந்தா, பதிவ நீயே பாரு. காலையிலதான் பிரிண்ட் எடுத்தேன்.”

தாள்களை அவள் பக்கம் திருப்பினார். ஆறாம் கட்டில். மூன்று பத்திலிருந்து ஐந்து வரை, தொண்ணூற்றெட்டு, எழுபத்தாறு. அடுத்த தாள், அடுத்த நாள் தேதி. அதே நேரம், அதே எண்கள். அதற்கடுத்த தாளிலும். அவர் முகம் மாறியது. மளமளவென்று புரட்டினார். எல்லா இரவும் இருந்தது.

கடைசித் தாளில், இன்னும் வராத மறுநாளின் தேதி.

அவர் அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“எழுதிடும்மா,” என்றார் கடைசியில். கெஞ்சுகிற குரல். “அந்தப் பொண்ணு பேரப் போட்டு ஒரே ஒரு வரி. இதுக்கு ஏதாவது ஒரு காரணம் வேணும்.”

அக்கா பேனாவை மூடி, அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

“இல்ல சார். எழுத மாட்டேன்.”