கட்டை வைக்காத மேஜை

"பிளைவுட்டாம், பிளைவுட்டு. எல்கார்ட் ஊரு பூரா கேரவன் கம்பெனி, ஒருத்தனுக்காவது மேஜை செய்யத் தெரியுதா? மேல செயற்கைக் கல்லு. அதுவே கனம். அடியில தாங்கறதுக்கு முக்கால் அங்குலப் பிளைவுட்டை வேற ஒட்டி வெச்சிருந்தான். மேஜையா அது, சவப்பெட்டி மூடி. உக்காருங்க தம்பி..."

டெல்மர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கேரவனை விலைக்குப் பார்க்க வந்த இளைஞன் வேறு வழியில்லாமல் மேஜையோரம் உட்கார்ந்தான். பின்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஒட்டியது அவர் மனைவி லொரீன். டெல்மருக்கோ வண்டியைக் கொடுக்க மனசே இல்லை.

"ராத்திரி இந்த மேஜையை இறக்கி, மேல மெத்தையைப் போட்டாத்தான் எங்களுக்குப் படுக்கை. லொரீனுக்குத் தோள்ல ஆபரேஷன். மேஜை லேசா இருந்தா வரேன், இல்லேன்னா வண்டியை வித்துருன்னுட்டா. சரி, நானே மாத்தறேன்னு கடைக்குப் போனா, எம்.டி.எஃப்னு மரத்தூள் பலகையைக் காட்டறான். ஏன்டா, அது பிளைவுட்டைவிடக் கனமாச்சே? தண்ணி கொட்டினா ஊறின ரொட்டி. இன்னொருத்தன் தெர்மாகோல்ங்கறான். அதுல சூப்புச் சட்டியை வெச்சுப் பாத்திருக்கானா அவன்?

"நான் எடுத்தேன் பாருங்க, தேன்கூடு மாதிரி அட்டை. உள்ள பூராக் காத்து. கடைக்காரன் அப்பவும் விடலை. கால் மாட்டற எடத்துல மட்டும் உள்ள ஒரு மரக்கட்டையைப் பதிச்சுக்கங்க, இல்லேன்னா திருகாணி பிடிக்காதுங்கறான். எனக்கே சொல்றான். லேசாக்கத்தானேய்யா இவ்வளவு பாடு, அதுல போய்க் கட்டையைச் சொருகுவாங்களா? வெக்கலை. ...முழங்கையை ஊனாதீங்க தம்பி. எடுங்க. எடுங்கன்னா..."

மேஜையின் ஒற்றைக் கால் நின்ற இடத்திலேயே நின்றது. மேல்பலகை மட்டும் கழன்று இளைஞனின் மடியில் இறங்கியது.

"கனமே இல்லை, பாத்தீங்களா? லொரீன் பாதத்துல விழுந்தப்பகூட வீங்கத்தான் செஞ்சுது, ஒடையலை. அதுக்குப் போய் விற்பனைன்னு ஒட்டிட்டா. எல்லாம் திருகாணி பண்ற கோளாறு. இப்பல்லாம் எவன் ஒழுங்காத் திருகாணி செய்யறான்... ஒண்ணு இங்கதான் எங்கியோ உருண்டுது..."

அவர் மண்டியிட்டு இருக்கைக்கு அடியில் தலையை நுழைத்துத் தேடினார். தேடிக்கொண்டே திருகாணிக்காரர்களைத் திட்டித் தீர்த்தார். நிமிர்ந்தபோது மேஜை சுவரோரம் சாய்ந்திருந்தது. ஆளைக் காணோம். டெல்மருக்கு மனசு குளிர்ந்தது.

"ஓடிட்டான்," என்றார், படியேறி வந்த லொரீனிடம். "இந்த மேஜை இருக்கற வரைக்கும் ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"ஓடலை, டெல்மர். வெளிய என்கிட்ட பேசி முடிச்சுட்டு, வண்டியைக் கோத்து இழுக்க டிரக்கை எடுத்துட்டு வரப் போயிருக்காரு." அவள் கதவை அகலத் திறந்து பிடித்தாள். "மேஜை மட்டும் வேண்டாமாம். அதைத் தூக்கிட்டு நீ இறங்கு."