மழையில் வந்த தண்ணீர் லாரி

டோசிண்டா: என்னடி சொல்றான் அந்த லாரிக்காரன்?

உஷியா: தண்ணிய எங்க எறக்குறதுன்னு கேக்குறான் மதினி.

டோசிண்டா: எந்தத் தண்ணி?

உஷியா: குடிதண்ணி. லாரி நிறையக் கொண்டாந்திருக்கான். லூகோ பக்கத்துலேருந்து விடியக்காலமே கெளம்புனானாம்.

டோசிண்டா: மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. அவன் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?

உஷியா: நானும் அதத்தான் கேட்டேன். அவனுக்கே ஒண்ணும் புரியல. கடற்கரை, மணல்ல மட்டிச் சிப்பி எடுக்குற பொம்பளைங்க கொட்டகை, வறட்சி நிவாரணம்... இப்படித்தான் சொல்லி அனுப்புனாங்களாம். கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே பேசுறான் பாவம், முன்னால என்ன இருக்குன்னே தெரியல அவனுக்கு.

டோசிண்டா: வறட்சியா? யாருக்கு?

உஷியா: நமக்கு.

டோசிண்டா: போடி. கம்பளிக் காலுறையக் காயப் போட்டு ஒரு வாரமாச்சு, இன்னும் சொட்டுது. கலீசியாவுல வறட்சியாம்... இங்க நின்ன இடத்துல நின்னா முதுகுல பாசி முளைக்கும்.

உஷியா: அந்த ஐரோப்பிய ஆராய்ச்சித் திட்டம் இருக்குல்ல, அவங்க ஒரு படம் போட்டிருக்காங்களாம். எந்த ஊர்ல எம்புட்டு வறட்சின்னு. அதுல நம்ம விரிகுடா மட்டும் ரத்தச் செவப்பா இருக்காம். அதப் பாத்து மேலிடத்துல யாரோ பதறிப்போயி லாரிய அனுப்பிட்டாங்க.

டோசிண்டா: தெக்க காயுற அந்தலூசியா?

உஷியா: அது வெறும் மஞ்சளாம்.

டோசிண்டா: அங்க ஆலிவ் மரமே நாக்கத் தள்ளிக்கிட்டு நிக்குது. அது மஞ்சள், நாம செவப்பு. எவன் போட்ட படம்டி?

உஷியா: ஆராய்ச்சிக்கு வந்திருக்காளே, நம்ம வீப்கே, அவ ஆளுங்கதான். கோடையில வந்து இதே கொட்டகையில உக்காந்து ஒவ்வொருத்தரையா கேள்வி கேட்டாங்கல்ல.

டோசிண்டா: கேட்டாங்க. வருஷத்துல எத்தன தடவ செக்கா வருதுன்னு கேட்டாங்க. நான் சிரிச்சுட்டேன். இதெல்லாமா கேப்பாங்க, தினமும் வருது தம்பி, நாளைக்கு ரெண்டு தடவ வருதுன்னேன். அவன் பேனாவக் கீழ வச்சுட்டு என்னையே பாத்தான். பாவம், ரொம்பக் கஷ்டம்னான். பழகிப்போச்சுன்னேன். என்னடி அப்படிப் பாக்குற?

உஷியா: அவன் கேட்டது அந்த செக்கா இல்ல மதினி.

டோசிண்டா: வேற எந்த செக்கா? கடல் வத்துனா செக்கா. வாளியத் தூக்கிக்கிட்டு நாம எறங்குறது செக்காவுக்குத்தான்.

உஷியா: மழை பேயாம வயக்காடு வெடிச்சாலும் செக்காதான்.

டோசிண்டா: ... அட என் கடலம்மா.

உஷியா: எல்லாரும் அதயேதான் சொல்லித் தொலைச்சிருக்கோம். தினமும் ரெண்டு, தினமும் ரெண்டுன்னு. நம்ம பாஷையிலயே கேட்டா நமக்கு மரியாதைன்னு யாரோ அவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க.

டோசிண்டா: ஸ்பானிஷ்லயே கேட்டிருந்தா இந்த வம்பு இல்ல. மரியாதையால வந்த வெனை.

உஷியா: இப்ப ஐரோப்பாவுலயே பெரிய பாலைவனம் நம்மளுது.

டோசிண்டா: பல்லக் காட்டாத. யோசி. படம் செவப்பா இருக்குறதாலதான மணல்ல விதைக்கக் குஞ்சு மட்டிய நமக்குன்னு ஒதுக்குனாங்க?

உஷியா: ஆமா. செவப்பும் இருக்கணும், மணலும் செத்திருக்கணும். ரெண்டும் இருந்தாத்தான் குஞ்சுன்னு வீப்கே சொன்னா.

டோசிண்டா: செவப்பு போயிட்டா?

உஷியா: போர்ச்சுக்கல்காரனுக்குப் போயிரும்.

டோசிண்டா: அப்ப வாயத் தைச்சுக்க. போன குளிர்காலத்துல மழை விடாமப் பேஞ்சு, மேல அணையையும் தொறந்துவிட்டு, விரிகுடாவுல உப்பே இல்லாமப் போயி நம்ம கோர்வேரோ மணல்ல ஒரு மட்டி மிஞ்சல. மிதிச்ச எடமெல்லாம் ஓடு. குஞ்சு வந்து எறங்கலேன்னா அந்த மணலயே நம்ம சங்கத்துலேருந்து பிடுங்கிருவாங்க. அப்புறம் எங்கடி போவ? ஓட்டல்ல தட்டு கழுவவா?

உஷியா: இல்ல... மழையில செத்ததுக்கு வறட்சின்னு சொல்லி வாங்குறது...

டோசிண்டா: மழையில செத்துச்சுன்னு நேராப் போயி கேட்டோமே. என்ன சொன்னாங்க?

உஷியா: மழை போன வருஷ நிவாரணத் தலைப்பாம். இந்த வருஷத் தலைப்பு வறட்சியாம்.

டோசிண்டா: அப்புறம் என்ன. தலைப்புக்கு ஏத்த மாதிரி சாவணும், அவ்வளவுதான். நாமதான் ஒரு வருஷம் முந்திச் செத்துட்டோம்.

உஷியா: லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். என்ன சொல்ல? ரோட்டுல ஊத்திட்டுப் போகச் சொல்லவா?

டோசிண்டா: ஊத்துனா எங்க போகும்? சரிவுல எறங்கி நேரா கடலுக்குத்தான் போகும். இருக்குற உப்பையும் கெடுக்கவா? ஓரமா நிக்கச் சொல்லு. காபி குடுத்து உக்கார வையி.

உஷியா: மதினி... வீப்கே வர்றா. தலையில துணிகூட இல்லாம நனைஞ்சுக்கிட்டு வர்றா.

டோசிண்டா: லாரியப் பாத்துட்டாளா?

உஷியா: அதச் சுத்தித்தான் வர்றா.

டோசிண்டா: சரி. வறட்சி பத்தி நான் பேசிக்கிறேன். மணலப் பத்திக் கேட்டா...

உஷியா: செத்த மணல். ஒண்ணுமே இல்ல. தெரியும்.

டோசிண்டா: உன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். வாளி கழுவுற மாதிரி குனிஞ்சுக்க.

வீப்கே: வணக்கம் அக்கா. வணக்கம் உஷியா. வெளியே ஒரு லாரி...

டோசிண்டா: தாகத்துல சாகுற எங்களுக்கு வந்திருக்கு. உள்ள வா பொண்ணே. காபியில கொஞ்சம் சாராயம் ஊத்தட்டா?

வீப்கே: வேண்டாம். ... சரி, ஊற்றுங்கள்.

டோசிண்டா: இவ பேசுறதக் கேட்டா பாதிரியார் பூசை வைக்கிற மாதிரியே இருக்கு. ஊற்றுகிறேன், ஊற்றுகிறேன். ... இந்த வருஷம் வறட்சி கடுமைதான் பொண்ணே. பொறுக்க முடியல.

உஷியா: மதினி, கூரை ஒழுகுது. அவ தலையில விழுது.

டோசிண்டா: ஒழுகட்டும். அது பழைய தண்ணி.

வீப்கே: அக்கா, எனக்குத் தெரியும்.

டோசிண்டா: என்ன தெரியும்?

வீப்கே: செக்கா. எங்கள் ஊரும் கடல் வற்றி நிரம்புகிற ஊர்தான். முதல் பதிலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

உஷியா: தெரிஞ்சுமா செவப்படிச்ச?

வீப்கே: நான் அடிக்கவில்லை. எண்ணைக் கொடுத்தால் கணினி நிறம் போடுகிறது. நான்... தடுக்கவில்லை.

டோசிண்டா: ஏன்?

வீப்கே: சிவப்பாக இருந்தால்தானே குஞ்சு வரும்.

டோசிண்டா: ... இவள என் மகனுக்குக் கேட்டிருக்கணும்டி. அவசரப்பட்டு அவன் ஒரு பல் டாக்டரக் கட்டிக்கிட்டான்.

உஷியா: இருங்க மதினி. எனக்குக் கொழம்புது. நாங்க தெரியாமச் சொன்னோம். அது தப்புன்னு அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்னு நமக்குத் தெரியாது. அப்ப யாரு யார ஏமாத்துனது?

வீப்கே: நானும் அதைத்தான் யோசிக்கிறேன்.

டோசிண்டா: ஏமாந்தவன் வெளிய லாரியில உக்காந்திருக்கான். விடு. மட்டி எடுக்குறவளுங்க மட்டியாத்தான் இருப்பாளுங்கன்னு மேல இருக்குறவன் நெனச்சா நெனச்சுட்டுப் போறான். செவப்பு பத்திரமா இருக்குல்ல?

வீப்கே: இப்போதைக்கு இருக்கிறது. ஆனால் நான் அதற்காக வரவில்லை. மணலைப் பற்றிப் பேச வந்தேன்.

உஷியா: செத்த மணல். ஒண்ணுமே இல்ல.

டோசிண்டா: உன்னக் கேட்டாளா? வாளியக் கழுவு.

வீப்கே: நேற்று கடல் வற்றியதும் கோர்வேரோவில் இறங்கினேன். வடக்கு மூலை முழுவதும் கையால் கிளறிப் பார்த்தேன்.

டோசிண்டா: வடக்கு மூலையா? ... அம்புட்டு மணல் கெடக்க, அங்க எதுக்குப் போன?

வீப்கே: ஒன்றுமே இல்லை அக்கா. நீங்கள் சொன்னதுதான் சரி.

டோசிண்டா: அதான் தொண்ட வத்தக் கத்துறோமே. செத்துக் கெடக்கு. குஞ்சு வந்தாத்தான் விடிவு.

வீப்கே: குஞ்சு வந்தாலும் பிழைக்காது. அந்த மணல் முடிந்துவிட்டது. அப்படித்தான் நாளைக்கு அவர்களிடம் சொல்லப் போகிறேன். கோர்வேரோவை விட்டுவிடச் சொல்லி.

டோசிண்டா: இரு, இரு. என்ன பேச்சு இது? செத்த மணலுக்குக் குஞ்சு தர்றேன்னீங்க. செத்திருக்கு. தா.

வீப்கே: செத்தது வேறு. இனிமேல் எதுவும் பிழைக்காது என்பது வேறு.

டோசிண்டா: எனக்கு ஒரே மாதிரிதான் கேக்குது.

உஷியா: எனக்கும் புரியல. குஞ்சப் போட்டே பாக்கல, அதுக்குள்ள பொழைக்காதுன்னா? வீப்கே, போட்டே பாக்கலதான?

வீப்கே: போட்டுப் பார்த்துவிட்டேன்.

டோசிண்டா: எப்ப? நாங்க இல்லாமயா?

வீப்கே: குஞ்சைத் தருவதற்கான கையெழுத்து வசந்தத்தில்தான் வரும் என்றார்கள். வளர்ப்புத் தொட்டியில் இட நெருக்கடி. தினமும் காலையில் போனால் கொஞ்சம் செத்துக் கிடக்கும். பார்க்க முடியவில்லை. ஒரு பங்கைச் சாக்கில் கட்டி எடுத்து வந்து... நீங்கள் எல்லாம் திருவிழாவில் முகமூடி போட்டு ஆடப் போயிருந்த அன்று. வடக்கு மூலையில் தூவினேன். தெரிந்தால் என் வேலை போய்விடும். பிழைத்தால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

உஷியா: எம்புட்டுப் பெருசு?

வீப்கே: எது?

உஷியா: குஞ்சு.

வீப்கே: சுண்டு விரல் நகம் அளவு.

உஷியா: மதினி.

டோசிண்டா: சும்மா இரு.

உஷியா: மதினி... சுண்டு விரல் நகம்.

டோசிண்டா: காது கேக்குதுடி எனக்கு.

வீப்கே: ஒன்றுகூட இல்லை. அதுதான் எனக்குப் புரியவே இல்லை. செத்தால் ஓடு கிடக்க வேண்டும். நண்டு தின்றால் உடைந்த துண்டாவது கிடக்க வேண்டும். மணல் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. என்ன மாதிரி மணல் அது... என் தப்புதான். குளிரில், உப்புக் குறைந்த தண்ணீரில், அவசரப்பட்டு... நான் கொன்றுவிட்டேன்.

டோசிண்டா: அழாத பொண்ணே. சாராயம் வீணாப்போகுது.

வீப்கே: மன்னித்துக்கொள்ளுங்கள்.

டோசிண்டா: நீ ஒண்ணையும் கொல்லல.

வீப்கே: உங்களுக்கு எப்படித் தெரியும்?

உஷியா: சொல்லுங்க மதினி. நாளைக்கு இவ போயி மணல விடுங்கன்னு சொல்லிட்டா எல்லாம் போச்சு.

டோசிண்டா: சொல்றேன், சொல்றேன்... திருவிழா முடிஞ்சு வந்து, வடக்கு மூலையில சும்மா ஒரு கிளறு கிளறுனேன். பொடிப்பொடியா, உசுரோட, தண்ணியப் பீச்சுது. மணல் தானாப் பொழச்சிருச்சுன்னு நெனச்சேன். அந்தச் சேத்துலயே முட்டி போட்டு அழுதேன், இவ சாட்சி. என் புருஷன் செத்தப்பகூட நான் அப்படி அழல.

வீப்கே: பிறகு என்னிடம் ஏன்...

டோசிண்டா: கண்ணத் தொடச்சதும் பயம் வந்துருச்சு. நீ வந்து பாப்ப. மணலுக்கு உசுரு வந்துருச்சு, இவளுங்களுக்குக் குஞ்சு எதுக்குன்னு போர்ச்சுக்கலுக்குக் குடுத்துருவ. செத்த மணலுன்னா செத்துத்தான கெடக்கணும்.

வீப்கே: அக்கா, எனக்குத் தலை சுற்றுகிறது. அவை எங்கே?

டோசிண்டா: நீ சொல்லுடி. உன் வீட்லதான இருக்கு.

வீப்கே: வீட்டிலா? எது வீட்டில்?

உஷியா: ரெண்டு பேருமாச் சல்லடை போட்டு அரிச்சு, அகப்பட்டத எல்லாம் தூக்கிட்டு வந்துட்டோம். மணலும் கடல் தண்ணியுமா எங்க குளிக்கிற தொட்டியில கெடக்கு. வாளி வாளியாச் சுமந்து நாந்தான் தண்ணி மாத்துறேன். நல்லா மூச்சு விடுதுங்க, நீ வந்து பாரு... ஆனா அதுங்க வந்ததுலேருந்து எங்க வீட்ல ஒருத்தரும் குளிக்கல, அத வேணா வறட்சின்னு எழுதிக்க.