சும்மா விளையாட ஒரு துப்பாக்கி

ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா ஓடி விளையாடுவதற்குத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் விலை குறைந்ததையே வாங்கலாம் என்பது என் கருத்து. பேட்டரியில் ஓடும் பொம்மைதானே. அதிலிருந்து வருவது பிளாஸ்டிக் குண்டு. பட்டால் சுருக்கென்று இருக்கும், மாலையில் குளிக்கும்போது ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், அவ்வளவுதான். நீங்களும் முதலில் அதைத்தான் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். நல்ல துப்பாக்கிகளாக வைத்திருந்த இசோமுராவாகிய நான் ஏன் கடையிலேயே மலிவானதைத் தேடி வாங்கினேன் என்று. சரியான இடத்தில்தான் தொடங்கியிருக்கிறீர்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். சிபா மாவட்டத்து மீன் கடைகளிலும் காய்கறிக் கடைகளிலும் தராசுகளைச் சரிபார்க்கிறேன். முள் மயிரிழை விலகினாலும் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன். அப்படிப்பட்டவனுக்கு ஓகினோ அம்மா நடத்தும் துப்பாக்கி விளையாட்டு மைதானம் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. அங்கே நடுவர் கிடையாது. குண்டு பட்டவன் தானே கையைத் தூக்கி "ஹிட்" என்று கத்திவிட்டு வெளியேற வேண்டும். பிளாஸ்டிக் குண்டு அடையாளம் வைக்காது. பட்டதா இல்லையா என்று பட்டவனுக்கு மட்டுமே நிச்சயமாகத் தெரியும். பட்டும் சொல்லாமல் ஓடுகிறவனை ஸாம்பி என்பார்கள், செத்த பிறகும் நடமாடுகிறவன். திருடன் என்று சொன்னால்கூட அந்தக் கூட்டத்தில் தலை நிமிர்ந்து இருக்கலாம். ஸாம்பி என்று பெயர் வாங்கிவிட்டால் முடியாது.

அங்கே விளையாட வரும் நெகிஷி, நகரப் பேருந்து ஓட்டுநர், என்னைவிட இளையவன். மூக்குக் கண்ணாடிக்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டுவதால் சீக்கிரமே ஆவி படிந்துவிடும். உடனே ஏதாவது மறைவில் குனிந்து, கட்டை விரலால் அதைத் தூக்கிக் காற்று விடுவான். மைதானத்துக்குள் யாரும் செய்யக் கூடாத காரியம் அது. நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆவி படியாமல் இருக்க ஒரு திரவம் விற்கிறார்கள். ஆட்டம் தொடங்குமுன் அவன் கண்ணாடியை வாங்கி, இரண்டு சொட்டு விட்டு, துடைத்துக் கொடுப்பேன்.

"நீங்க இல்லன்னா நான் கண்ணு தெரியாமதான் ஓடணும், இசோமுரா சான்" என்பான். எங்களுக்குள் அப்படி ஒரு நட்பு இருந்தது. நான் மறைக்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, அவன் சிவப்புப் பட்டை அணி, நான் மஞ்சள். முதலில் பிடுங்கும் அணிக்கு வெற்றி தரும் கொடி மைதானத்தின் நடுவில் இருந்தது. நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள், சுற்றிலும் இரும்புப் பீப்பாய்களும் ஒரு பழைய வேனும் தவிர ஒரு செடிகூட இல்லாத வெட்டவெளி. நான் ஒரே ஓட்டமாக ஓடிக் கொடியைப் பிடுங்கினேன். இந்த வயதில் அது பெரிய காரியம். எங்கள் ஆட்கள் என் தோளைத் தட்டினார்கள்.

மதியம் எல்லோரும் குழம்புச் சோறு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நெகிஷி எதிரே இருந்தான்.

"எல்லாரும் இசோமுரா சான்கிட்ட ரகசியத்தக் கேட்டு வெச்சுக்கங்க" என்றான். "முதுகுல சுட்டேன், டப்புன்னு சத்தமே கேட்டுச்சு. மனுஷன் திரும்பிக்கூடப் பாக்கல."

மேசையே சிரித்தது. ஓகினோ அம்மா கரண்டியோடு வந்து, "சோறு போதுமா? செத்தவங்களுக்குத்தான் பசி ஜாஸ்தியாமே, இன்னொரு கரண்டி போடவா?" என்றாள். மறுபடியும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நெகிஷி தன் தட்டிலிருந்த ஊறுகாயை எடுத்து என் தட்டில் வைத்து, "சும்மா சொன்னேங்க, கோச்சுக்காதீங்க" என்றான். என்னால் பொறுக்க முடியாமல் போனது அந்த ஊறுகாய்தான். பொய் சொல்லிவிட்டு, பெருந்தன்மையும் காட்டினான்.

அதன்பின் என்னைச் சுடுகிறவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சுட ஆரம்பித்தார்கள். "அவருக்கு டபுள் டோஸ் குடுங்கப்பா" என்பார்கள். நான் துப்பாக்கிகளை விற்றுவிட்டு, மைதானத்துக்குப் போவதையே நிறுத்தினேன். குளிர்காலம் முழுக்க அவனை வெறுத்தேன். மீன் கடையில் தராசைக் குனிந்து பார்க்கும்போது கடைக்காரன் என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பதுபோல இருக்கும். பேருந்து நிறுத்தத்தில் நெகிஷியின் வண்டி வந்தால் ஏறாமல் நடந்தே போவேன். அவன் வண்டியின் முன் கண்ணாடி வழியாகக் கையசைப்பான். அந்தக் கையை ஒடிக்கலாம் போல இருக்கும்.

வசந்தம் வந்ததும் கடைக்குப் போனேன்.

"சும்மா விளையாடத்தானே ஐயா?" என்றான் விற்பனையாளன். "அப்ப இது போதும். ஆனா தூரத்துல இருந்து சுட்டா குண்டு அது இஷ்டத்துக்கு எங்கயாச்சும் போகும், அத இப்பவே சொல்லிடுறேன்."

"கிட்டத்தில் இருந்தால்?"

"கிட்டன்னா நல்லாவே போகும்."

உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான். விலை உயர்ந்த துப்பாக்கியோடு திரும்பி வருகிறவன் பழைய கணக்கைத் தீர்க்க வருகிறான் என்று நினைப்பார்கள். மலிவானதோடு வருகிறவன் ரோஷத்தை விழுங்கிவிட்டான் என்று நினைப்பார்கள். வீட்டில் காலிப் பால் அட்டைப் பெட்டியில் ஒரு வட்டம் வரைந்து பழகினேன். விற்பனையாளன் பொய் சொல்லவில்லை, கிட்டத்தில் அது நல்ல துப்பாக்கிதான். மைதானத்தில் ஓகினோ அம்மா குண்டின் வேகத்தைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று ஸ்டிக்கர் ஒட்டினாள். நான் எந்த விதியையும் மீறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பார்த்ததும் நெகிஷி ஓடி வந்தான். துப்பாக்கியை வாங்கி ஒரு தடவை சுட்டுப் பார்த்தான்.

"என்னங்க இது, மாவு மிஷின் மாதிரி சத்தம் போடுது" என்று சிரித்தான். "பரவால்ல, நீங்க வந்தீங்களே, அதுவே போதும்."

கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தான், பழையபடி. நானும் பழையபடி துடைத்துக் கொடுத்தேன். மழைக்காலத்துக்காகக் காத்திருந்தேன். காற்றில் ஈரம் ஏறி, நின்றாலே வியர்க்கும் ஒரு ஞாயிறு வந்தது. அன்று அந்தத் திரவச் சீசாவில் இருந்தது வெறும் தண்ணீர்.

அன்று ஆடிய ஓர் இளைஞன் தலையில் மாட்டியிருந்த கேமராவில் பதிவானதை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். நான் வேனின் ஓரத்தில் மண்டியிட்டு இருக்கிறேன். எதிர் அணியினர் மூன்று பேர் என் முன்னால் ஓடுகிறார்கள், நான் சுடவில்லை. என் துப்பாக்கி ஒரு பீப்பாயின் பக்கமே நோக்கி இருக்கிறது. ஆமாம். அவன் அங்கேதான் குனிந்திருந்தான். கட்டை விரல் கண்ணாடிக்கு அடியில் போவதைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியையும் கழற்றிச் சட்டையில் துடைக்கும்வரை பொறுத்தேன். ஒரே ஒரு தடவை அழுத்தினேன். பிறகு முதல் ஆளாகக் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தியதும் நான்தான். அதற்காக எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

மருத்துவமனைக்கு முலாம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். வலது கண் போய்விட்டது என்று அவன் மனைவி வாசலிலேயே சொன்னாள். அவன் கட்டோடு எழுந்து உட்கார்ந்து, படுக்கையில் நெற்றி படும்படி என்னை வணங்கினான்.

"கண்ணாடியத் தூக்கினது என் தப்பு. உங்களுக்குப் போய் இப்படி ஒரு மனக்கஷ்டத்தக் குடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க, இசோமுரா சான்."

மன்னித்துவிட்டேன் என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். இப்போது அவனுக்குப் பேருந்து ஓட்ட அனுமதி இல்லை. பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகளை எடுத்து வைக்கும் அறையில் உட்கார்த்தியிருக்கிறார்கள் என்று கேள்வி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

அது விபத்து இல்லை. நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நேர்மையாக வாழ்ந்தவனின் பெயரை அவன் எடுத்தான், அவன் கண்ணை நான் எடுத்தேன். இரண்டு தட்டும் சமமாக நிற்கின்றன.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அந்த இலையுதிர் கால ஞாயிறு, கொடியை நோக்கி ஓடும்போது, என் முதுகில் எதுவுமே படவில்லையா என்று. ஏதோ பட்டது. சுருக்கென்று இருந்தது. மரத்திலிருந்து காய்ந்த காய் ஏதாவது உதிர்ந்து விழுந்திருக்கும்.

அந்த வெட்டவெளியில் எந்த மரம் என்கிறீர்கள். நான் அண்ணாந்து பார்க்கவில்லை.