ராணியோட சீரம்

குதிரைக்கு உடம்பு சரியில்லன்னா காதைத் தொட்டாலே தெரிஞ்சிடும், சார். கும்மிடிப்பூண்டி லேப்ல பதினோரு வருஷம் வேலை செஞ்ச வரதன் சொல்றேன், எழுதிக்குங்க.

நாங்க செஞ்சது ரண ஜன்னிக்கு, அதான் டெட்டனசுக்கு, மருந்து. கிருமியோட விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சங் கொஞ்சமா ஊசி போட்டா, அது ரத்தத்துல விஷமுறிவு ஊறும். அதுலருந்து பிரிக்கிற சீரம்தான் மருந்து. அத சோதிக்கிறது என் வேலை. மூணு கினிப்பன்றிக்கு விஷத்தையும் சீரத்தையும் கலந்து போட்டு, நாலாம் நாள் காலையில பார்ப்பேன். உசுரோட இருந்தா மருந்து பாஸ். செத்துட்டா அந்தக் குதிரை உதவாதுன்னு சுட்டுடுவாங்க.

ராணி போலீசுல இருந்து வந்த கிழட்டுக் குதிரை. என் சம்சாரம் செண்பகம் செத்த வருஷம் நான் அதுகிட்ட மட்டுந்தான் பேசினேன். அறுபத்தொம்போது தை மாசம் அதோட சீரம் போட்ட மூணும் விறைச்சுக் கிடந்துச்சு. புதைச்சுட்டு, கூண்டுல வேற மூணு வச்சேன். அதுங்க நல்லா கீரை தின்னுச்சு. லேப் டாக்டர் பார்த்து கையெழுத்து போட்டாரு. ரொம்ப சுலபம், சார். ரெண்டு வருஷம் அப்படியே செஞ்சேன். பாட்டிலுங்க பழவேற்காடு, திருத்தணின்னு எங்கெங்கியோ போச்சு. யாரும் திரும்பி வந்து இன்னாய்யா மருந்து இதுன்னு கேக்கல.

லாயத்துல குதிரைங்களப் பார்த்துக்கினு இருந்தவன் யேசுதாஸ். ஆவணியில பலகை ஆணி அவன் பாதத்துல ஏறிடுச்சு. டாக்டர் என்னை மருந்து எடுத்தாரச் சொன்னாரு. அலமாரியில முன்னால ராணியோட பாட்டில், பின்னால மத்த குதிரைங்களது. பின்னாலதான் கை போச்சு. அத எடுத்தா ராணியுது கெட்டதுன்னு நானே ஒத்துக்கினா மாதிரி ஆயிடுமே. முன்னால இருந்ததையே எடுத்தேன்.

"நம்ப மருந்துதானேண்ணா?"ன்னான்.

"நம்ப ராணியுதுடா. பயப்படாதே."

சிரிச்சான். எட்டாம் நாள் தாடை பூட்டிக்கிச்சு. டாக்டர் இன்னும் ஆறு பாட்டில் கேட்டாரு. அதையும் முன்னாலருந்தே எடுத்துத் தந்தேன். அவன் பொஞ்சாதி ஆரோக்கியமேரி என் கையப் புடிச்சுக்கினு, "உங்களாலதாண்ணா மருந்தாவது கெடைச்சுது"ன்னு அழுதா.

கதவு சாத்துற சத்தத்துக்கே அவன் உடம்பு வில்லா வளையும். ஆறு நாள் பக்கத்துலயே உக்காந்துகினு இருந்தேன். கண்ணு மட்டும் என்னையே பார்த்துக்கினு இருந்துச்சு. இப்பவும் என் ஊட்ல நான் கதவு சாத்தறதில்ல, சார். சாத்தினா அந்தக் கண்ணு வந்துடுது.

அவன் செத்துப் போனப்புறம் ராணியோட சீரத்த டாக்டர் தானே சோதிச்சுப் பார்த்தாராம். அதான் ஸ்டேஷன்ல உங்க எதிர்ல உக்காந்திருக்கேன். கொன்னது நான்தான், எழுதிக்குங்க, கையெழுத்து போடறேன். ராணிய மட்டும் சுட வுடாதீங்க, சார். வாயில்லா ஜீவன் துடிக்கிறதப் பார்க்க என் மனசு தாங்காது.